வெட்டின ஜீப்பைப் பழையபடி ஆக்குவதா, அப்படியே விடுவதா?

எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு வில்லிஸ் ஜீப் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிந்த கையோடு நேரே அதனிடம் போய், பொனற்றில் கையை வைத்துக்கொண்டு, இரண்டில் ஒன்றைச் சொல்லுவார்கள். "இதைப் பழையபடி ஆமி ஜீப் ஆக்கினால் நல்ல காசு அண்ணை." அல்லது, "ஒரு ஜப்பான் டீசல் எஞ்சினைப் போட்டு ஓடுங்கோ, ஏன் சும்மா நிற்பாட்டி வைத்திருக்கிறியள்?" இருபது வருடமாக இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டையும் செய்யவில்லை. சோம்பலும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் இந்தக் காலத்துக்குள் நாலைந்து பேர் தங்கள் ஜீப்பைக் கொண்டுவந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பழையபடி என்றால் எந்த நாள்படி?

எங்களுடையதையே எடுங்கள். 1940களில் அது ஆமி வண்டி. சண்டை முடிந்து ஏலத்தில் வந்ததை அப்பப்பா எடுத்தாராம், பரந்தனில் இருந்த வயலுக்குப் போய்வர. அவர் பின்பக்கத் தகரத்தை வெட்டி, நெல் மூட்டை ஏற்றக் கதவு வைத்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது அப்பா அதை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து தெருவில் இறங்கியபோது அதை விட்டுவிட்டுப் போனோம், அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்கையில் சீற், ரயர், விளக்கு ஒன்றும் இல்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து கிடைத்ததைக் கொண்டுவந்து பூட்டினோம். இதில் எந்த நாளைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன்? 1944ஐயா? அந்த ஜீப்பை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதே இல்லை. ஒரு வண்டியைப் பழையபடி ஆக்குவதென்றால் அதன் எண்பது வருடத்தில் ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அழிப்பது. அந்த நாள் எது என்று உங்களால் சொல்ல முடியவில்லையென்றால் ஸ்பனரைத் தொடாதீர்கள்.

சரி, நாள் தெரியும், 1944தான் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது 1944 வண்டிதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் வில்லிஸ் என்று சொல்லி விற்ற வண்டிகளில் உண்மையான ஆமி ஜீப் எத்தனை என்று தேடிப் பார்த்தால் சிரிப்பு வராது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பனி எம்.பி. என்ற பெயரிலும், ஃபோர்ட் கம்பனி ஜீ.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஏறத்தாழ ஒரே வண்டியைச் செய்தார்கள், இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல். சண்டை முடிகிற கையோடு 1945இல் வில்லிஸ் பொதுமக்களுக்கென்று சீ.ஜே. வகையை விட்டது. அதற்குப் பிறகு உயர்ந்த பொனற் வைத்த வகை வந்தது, அதை மஹிந்திராவும் இந்தியாவில் பல வருடம் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரித்தான்.

முகத்தில் இருக்கிற நீட்டு வெட்டுகளை எண்ணுங்கள். ஆமி ஜீப்பில் அழுத்திச் செய்த தகட்டு முகத்தில் ஒன்பது வெட்டு, சீ.ஜே.யில் ஏழு. ஆமி ஜீப்பின் பெருவிளக்குகள் சின்னன், முகத்துக்குள்ளே பதிந்து நிற்கும், வண்ணத்துப்பூச்சி நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்னுக்குத் திருப்பினால் இரவில் எஞ்சினுக்கு வெளிச்சம் பிடிக்கலாம். சீ.ஜே.யின் விளக்கு பெரிது, வெளியே தள்ளி நிற்கும். ஆமி ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது, பின்னால் முழுத் தகடு, உபரிச் சில்லு அதில்தான் தொங்கும். பெற்றோல் ஊற்றுகிற வாய் சாரதி இருக்கைக்குக் கீழே, குசனைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். வெளியே, இருக்கைக்குப் பக்கத்தில் வாய் இருந்தால் அது பொதுமக்கள் வகை, இல்லையென்றால் யாரோ பிறகு வெட்டி வைத்தது. பின்கதவு இருக்கிறது என்பதற்காக மட்டும் சீ.ஜே. என்று முடிவு கட்ட வேண்டாம், எங்கள் அப்பப்பா செய்த வேலையை வேறு அப்பப்பாக்களும் செய்திருப்பார்கள்.

எம்.பி.யா ஜீ.பி.டபிள்யூ.வா என்று பார்க்க நிலத்தில் சாக்கை விரித்துப் படுக்க வேண்டும். றேடியேற்றருக்குக் கீழே சசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு பக்கத்தையும் இணைக்கிற முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த பீலி மாதிரி மூன்று பக்கத் தகடாக இருந்தால் ஃபோர்ட். இன்னொரு வேலையும் செய்யலாம், இது எனக்கு மிகவும் பிடித்தது. கம்பித் தூரிகையை எடுத்து, கொஞ்சம் மண்ணெண்ணெயில் தோய்த்து, அங்கங்கே இருக்கிற போல்ட் தலைகளைத் தேயுங்கள். கறுத்த கிரீசும் செம்மண்ணும் சேர்ந்து கெட்டியாகிப் போயிருக்கும், முதல் இரண்டு தேய்ப்புக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது தேய்ப்பில், ரோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்தால், சில தலைகளில் கையெழுத்துப் போல வளைந்த எஃப் ஒன்று எழும்பி வரும். ஹென்றி ஃபோர்ட் தன் சாமான் தன்னுடையதென்று காட்டப் போல்டுக்குக்கூட முத்திரை குத்தின மனிதர். எங்கள் ஜீப் வில்லிஸ்தான், குறுக்குச் சட்டம் உருண்டை. ஆனால் அதில் ஏழு எஃப் போல்ட் இருக்கிறது. இதைக் கண்டவுடன் கலப்படம் என்று கவலைப்பட்டேன். பிறகுதான் விளங்கியது, ஆமியே தன் வண்டியைக் கழற்றிப் பூட்டும்போது வில்லிஸ் ஃபோர்ட் என்று பிரித்துப் பார்க்கவில்லை, பெட்டியில் எது கைக்கு வந்ததோ அதைப் போட்டான். ஆகவே எல்லா இலக்கமும் ஒத்துப் போக வேண்டும், எல்லாப் போல்டும் ஒரே கம்பனியாக இருக்க வேண்டும் என்று நிற்பவர்கள், 1944இல் இருந்த ஆமி ஜீப்பைவிடச் சுத்தமான ஒன்றைக் கேட்கிறார்கள்.

இலக்கம் என்றதும் பதிவுப் புத்தகம். வண்டியை வாங்க முன்னும் பாருங்கள், அப்பா விட்டுப் போன வண்டியென்றாலும் பாருங்கள். சசி இலக்கம் வில்லிஸில் இடதுபக்கச் சட்டத்தின் உட்பக்கம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு தகட்டில் தறைந்திருக்கும். ஃபோர்டில் இடதுபக்கச் சட்டத்தின் மேற்பக்கத்திலேயே நேரடியாக அடித்திருக்கும். எஞ்சின் இலக்கம் வலதுபக்கம் முன்னுக்கு, ஒயில் பில்டருக்குக் கிட்ட. இந்த இலக்கங்கள் புத்தகத்தோடு ஒத்துப் போகாவிட்டால் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் டீசல் எஞ்சின் போட்ட வண்டியைத் திரும்ப வில்லிஸ் எஞ்சினுக்கு மாற்றினால் காகிதப்படி ஒருவேளை நேராகிவிடும், ஆனால் அந்த வில்லிஸ் எஞ்சின் வேறொன்றாக இருந்தால் அதையும் பதிய வேண்டும். யாராவது "இலக்கத்தைத் தேய்த்துப் போட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வாருங்கள். அது குற்றம், அதோடு ஒரு தரம் தேய்த்த இலக்கம் பிறகு வராது.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஜீப்பின் தகடு சீ.எல். எழுத்து, இலங்கையின் ஆங்கிலப் பெயரிலிருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து வைத்த காலத்தது. 1957இல் சிங்கள ஸ்ரீ தகட்டில் ஏறி, வடக்கில் அதற்கு எதிராகப் போராட்டம் நடந்து, தார் பூசினது எல்லாம் இதற்குப் பிந்தின கதை. எங்கள் ஜீப் அதற்கெல்லாம் முந்திப் பதிந்ததால் தப்பியது என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார், தானே பதிந்தது போல. இப்படியான தகடு உங்களிடம் இருந்தால் ஆமி வெள்ளை எண் எழுதுகிறேன் என்று கழற்றி எறியாதீர்கள்.

இப்போது முக்கியமான விசயம், மாற்றங்களைப் பார்க்கிற விதம். என் மச்சான் கனடாவில் இருக்கிறார், அவரிடம் ஒரு பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிள் இருக்கிறது, அங்கே சட்டப்படி பதிந்த மான் வேட்டைக்காரர். எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல்லே வேறு கதை, அதற்குள் போகவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது. உலகப் போர் முடிந்த பிறகு அந்த ரைபிள்களை மலிவாக வாங்கினவர்கள், பாரம் குறையட்டும் என்று முன்பக்க மரத்தை அரைவாசியில் அரிந்து, மேல் மரத்தைக் கழற்றி எறிந்து, வேட்டைத் துவக்காக்கிவிட்டார்கள். இப்போது பலர் அதைத் திரும்ப ஆமி ரைபிள் ஆக்க ஆசைப்படுகிறார்கள். அவர் சொன்ன கணக்கு இதுதான்: மரம் மட்டும் போயிருந்தால், குழலும் கத்தி மாட்டுகிற பல்லும் அப்படியே இருந்தால், வேறு மரம் தேடிப் பூட்டலாம், வேலை முடிந்தது. குழலையே வெட்டியிருந்தால், உடம்பில் புதுத் துளை போட்டிருந்தால், அதை வேட்டைத் துவக்காகவே வைத்து மானுக்குப் போவதுதான் புத்தி, ஏனென்றால் போட்ட துளையை அடைக்கலாமே தவிரப் போடாததாக்க முடியாது, அடைத்த இடத்தைத் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். கழற்றிப் பூட்டின மாற்றம் வேறு, வெட்டின மாற்றம் வேறு.

இதையே ஜீப்புக்கு வையுங்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது வண்டியைச் சுற்றி வாருங்கள், மாறியிருக்கிற ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் "பூட்டினது" அல்லது "வெட்டினது" என்று எழுதுங்கள். 6 வோல்ட்டை 12 ஆக்கினது பூட்டினது. வேறு காபரேற்றர், வேறு இருக்கை, மேலே தகரக் கூடு, இதெல்லாம் பெரும்பாலும் பூட்டினது. பின்கதவு வெட்டினது. ஆறு பேர் இருக்க உடலைப் பின்னுக்கு நீட்டினது வெட்டினது. டீசல் எஞ்சினுக்காக முன் குறுக்குச் சட்டத்தையோ முகத்தையோ அரிந்திருந்தால் அது வெட்டினதிலும் பெரிய வெட்டு. உடலில் நடந்த வெட்டுக்கு வழியிருக்கிறது, பிலிப்பைன்சில் எம்.டி. ஹுவான் என்ற கம்பனி ஆமி ஜீப்பின் முழு உடலையே புதிதாக அடித்து உலகமெல்லாம் விற்கிறது. ஆனால் பழைய உடலை எறிந்து பிலிப்பைன்ஸ் உடலை ஏற்றினால் உங்களிடம் இருப்பது யாருடைய ஜீப்? சசி வில்லிஸ், மேல் எல்லாம் போன வருடத்துத் தகரம். ஊர்வலத்துக்கு அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

சசியில் நடந்த வெட்டு அப்படியல்ல. சுன்னாகத்துத் தம்பி ஒருவர் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார், நல்ல பச்சைப் பெயின்ற், பொனற்றில் வெள்ளை நட்சத்திரம் வேறு. பொனற்றைத் திறந்தால் உள்ளே ஜப்பான் டீசல். அது நீளம் கூடிய எஞ்சின், ஆகவே றேடியேற்றரை முன்னுக்குத் தள்ள முகத்தின் பின்பக்கத்தை அரிந்திருந்தார்கள், எஞ்சின் தாங்கிகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் பிடித்திருந்தார்கள், கியர் பெட்டியும் வேறு, அதற்காகத் தரையில் பலகை அளவுக்கு ஓட்டை. வெல்டிங் பிடித்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், மணிமணியாக, ஒட்டினது போலத்தான் இருந்தது, ஊறின மாதிரி இல்லை. தம்பிக்கு ஆசை, வில்லிஸ் எஞ்சின் ஒன்று தேடிப் போட வேண்டும் என்று. நான் கேட்டேன், "தம்பி, இது இப்போது ஓடுதா?" "ஓடுது அண்ணை, கிளிநொச்சிக்கு நாளாந்தம் போய்வாறன்." அப்படியானால் விடுங்கள் என்றேன். தாங்கி வெல்டிங்கை மட்டும் தெரிந்த ஆளிடம் திரும்பப் பிடிப்பிக்கச் சொன்னேன், வெள்ளை நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டியில் திரும்பக் கொண்டுவர எதுவுமே மிச்சமில்லை, இருப்பது உழைக்கிற டீசல் ஜீப், அதை அரைகுறை வில்லிஸ் ஆக்கினால் உழைப்பும் போய்விடும்.

மண்ணெண்ணெய் மாற்றம் இதற்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வண்டி வைத்திருந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோல் எஞ்சின் குளிரில் மண்ணெண்ணெயில் பிடிக்காது, ஆவியாகாது. ஆகவே கொஞ்சப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எங்கள் ஜீப்பில் அப்பாவின் சிநேகிதரான மெக்கானிக் ஒருவர் செய்து தந்த அமைப்பு இன்னும் இருக்கிறது. எஞ்சினுக்கு மேலே ஒரு சேலைன் போத்தல் தொங்கும், அதில் ஒரு விரற்கடை பெற்றோல். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிவிட ஒரு இருவழி ரப். மண்ணெண்ணெய் வருகிற செப்புக் குழாயைப் புகைக் குழாயின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றியிருக்கிறார், காபரேற்றருக்குப் போக முன் சூடேறட்டும் என்று. சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமல், ஒரே இடைவெளியில், இடியப்ப உரலில் பிழிந்த மாதிரி அளவாக இருக்கும். இரண்டாவது சுற்றுக்குப் பக்கத்தில் பித்தளை வைத்து ஒட்டின ஒரு குமிழ், அது ஒரு தரம் உடைந்து இரவோடிரவாக ஒட்டினது. வில்லிஸ் எஞ்சின் இதற்கு இணங்கினதற்குக் காரணம் அதன் அமுக்கம் குறைவு, 6.48க்கு 1தான், வால்வும் பக்கத்தில் இருக்கிற பழைய வகை. 2.2 லீற்றர், 60 குதிரைவலு என்று ஆமி எழுதி வைத்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எத்தனை குதிரையாக ஓடியதோ, ஓடியது. வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒழுங்கை முழுக்க நிற்கும்.

இந்த மாற்றம் முழுதும் பூட்டினது. ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. அரை நாளில் கழற்றலாம். கழற்றினால் 1944க்கு ஒரு அடி கிட்டப் போகலாம், மெய்தான். ஆனால் ஆறு லட்சம் ஜீப் செய்தார்கள், உலகில் எத்தனையோ வண்டி அந்த 1944 பச்சையில் பளபளத்துக்கொண்டு நிற்கிறது. செப்புக் குழாய் சுற்றின ஜீப் எத்தனை இருக்கும்? மாற்றம் என்றாலே பழுது என்று நினைக்காதீர்கள். வசதிக்காக, அலங்காரத்துக்காக, ஆசைக்காகச் செய்ததைக் கழற்றுவதில் எனக்கு வருத்தமில்லை. வழியில்லாமல் செய்ததைக் கழற்ற முன் இரண்டு தரம் யோசியுங்கள். குறைந்தது, அதைச் செய்தவர் உயிரோடிருந்தால் போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை, மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று திறந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவுகோலை இழுத்து விரலில் தொட்டுப் பாருங்கள். ஒயில் தண்ணீராக வழிந்தால், மணந்து பார்க்கும்போது குப்பி விளக்கு நினைவுக்கு வந்தால், பெயரிங் எல்லாம் அந்தத் தண்ணி ஒயிலில்தான் சுழன்றிருக்கிறது. அப்பா ஒயில் அளவு கூடிக்கொண்டு வருகிறதென்று முதலில் சந்தோசப்பட்டாராம்.

பெயின்ற் விசயத்தில் நான் ஒரு பிழை விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் பட்டணத்தில் ஒரு கராஜில் உடலைக் கொடுத்து, துருவை எடுத்து ஒரு பூச்சுப் பூசித் தரச் சொன்னேன். போய்ப் பார்த்தால் வலதுபக்கம் முழுதையும் வெறும் தகரம் தெரியும்வரை தேய்த்து முடித்திருந்தார்கள். என் பிழைதான், நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இடதுபக்கம் தப்பியது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தை, ஈரத்தில் தேய்க்கிற, நன்றாக நைந்த மண்தாளால், தண்ணீர் விட்டு விட்டு, வட்டமாகத் தேய்த்துப் பார்த்தேன். மேலே நீலம், நாங்கள் பூசினது. கீழே ஒரு சாம்பல். அதற்குக் கீழே கடும் பச்சை, இது அப்பப்பா காலத்துப் பச்சையாக இருக்கலாம். அதற்கும் கீழே, கடைசியில், மங்கல் பச்சை, பழுத்த ஒலிவ் காயும் சேறும் கலந்த நிறம், ஒளியே திரும்பாத பூச்சு. மரத்தை அரிந்தால் வளையம் தெரிகிற மாதிரி நாலு வளையம். பொனற்றின் இரண்டு பக்கத்தையும் இப்படி மெதுவாகத் தேய்த்தால் சிலவேளை பழைய எண் கிளம்பும். அமெரிக்க ஆமி எண் 20 என்று தொடங்கும், பிரிட்டிஷ் ஆமி எண் எம் எழுத்தில் தொடங்கும். பலாலி விமானத் தளம் பிரிட்டிஷ் விமானப் படை இரண்டாம் உலகப் போரில் கட்டினது, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு வந்தது, ஆகவே உங்கள் வண்டி எந்தக் கையிலிருந்து வந்ததென்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு சாட்சி இருக்காது. அதைத் தேய்த்தழித்துவிட்டுப் படத்தில் பார்த்த யாரோ ஒருவனுடைய எண்ணை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தேய்க்கிற மெசினை எந்தக் கராஜ்காரர் கையில் எடுத்தாலும் முதலில் இந்தத் தீப்பெட்டிச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

துரு. கடற்காற்று ஊர், சொல்லத் தேவையில்லை. சசியின் உட்பக்கத்தை ஒரு ஸ்குறூ திருப்பியால் குத்திப் பாருங்கள், பின் ஸ்பிறிங் தாங்கிகளுக்குக் கிட்டக் கவனமாக. உள்ளே போனால் அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. உள்ளுக்கு இன்னொரு எதிரி எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல் ஊர், கேத்திலுக்குள்ளே படிகிற அதே வெள்ளைதான் றேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியிருக்கிற தண்ணீர் வழிக்குள்ளும் படிந்து கல்லாகும். எஞ்சின் சூடேறுகிறது என்று சொல்லி டீசலுக்கு மாறினவர்களில் எத்தனை பேர் றேடியேற்றரை ஒருதரம் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்திருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு. இனியாவது மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அல்லது கடையில் விற்கிற குளிராக்கியை.

பாதுகாப்புக்காகச் செய்த மாற்றங்களைத் தயவுசெய்து திருப்ப வேண்டாம். 12 வோல்ட் ஆக்கியிருந்தால் இருக்கட்டும், 6 வோல்ட் பல்புக்கும் பற்றரிக்கும் யாழ்ப்பாணத்தில் அலைந்து முடியாது, இரவில் அந்த வெளிச்சத்தில் மாட்டைக் காண முன் மாட்டில் முட்டிவிடுவீர்கள். திரும்புகிற சிக்னல் விளக்கு, இருக்கைப் பட்டி ஆமி ஜீப்பில் இல்லைத்தான், பூட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். பழைய பிறேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், அதைக் காற்றடித்துத் தூசு பறக்க விடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், புது லைனிங் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், அது போனால் நாலு சில்லும் போச்சு, ஆகவே அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிறகு காசு. பழையபடி ஆக்கி விற்றால் லாபம் என்ற கணக்கோடு தொடங்குகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் எஞ்சின் பகுதி கொஞ்சம் அகப்படும், ஆமி காலத்துக் கருவிப் பெட்டி மூடி, விளக்குத் தாங்கி, அளவுமானி போன்றவை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அப்போது கப்பல் கூலியும் சுங்க வரியும் சாமானை மிஞ்சும். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று மாதம் காத்திருக்க நேரும், அதற்குள் கழற்றி வைத்த மற்றதெல்லாம் கொட்டிலில் துருப்பிடிக்கும். நான் பார்த்த பாதி ஜீப்கள் இப்படித்தான் முடிந்தன, ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கழற்றிப் பதினைந்து மீன் பெட்டிக்குள் போட்டு, பிறகு பிள்ளைகள் இரும்புக் கடைக்கு நிறுத்துக் கொடுத்தது. கலியாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் முழு 1944 ஆக்கத் தேவையே இல்லை, மாப்பிள்ளை பொனற்றுக்குக் கீழே பார்க்க மாட்டார்.

எல்லாம் பார்த்து, கொப்பியில் பூட்டினது கூட, வெட்டினது குறைவு, சசி நல்லது, இலக்கம் ஒத்துப் போகிறது, எஞ்சின் பிறந்த எஞ்சின்தான் என்று வந்தால், சரி, தொடங்குங்கள், அது செய்ய வேண்டிய வண்டி. ஒரேயடியாகக் கழற்றாமல் ஓடக்கூடிய நிலையிலேயே ஒவ்வொரு பகுதியாகப் போங்கள், பிறேக் முதல், பிறகு தண்ணீர், பிறகு வயர், பெயின்ற் கடைசியிலும் கடைசி. கழற்றுகிற ஒவ்வொன்றையும், உடைந்ததையும்கூட, சீலைத்துண்டில் எழுதிக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். இதில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன். உங்களுக்குக் குப்பையாகத் தெரிகிற தாங்கி ஒன்றைப் பார்த்துத்தான் அடுத்தவர் புதிதாக அடிக்க முடியும்.

எங்கள் ஜீப்புக்கு என்ன செய்தேன்? பிறேக் முழுதும் புதிது. றேடியேற்றர் கழற்றிக் கல் எடுத்தது. வயர் புதிது, 12 வோல்ட்டில். எஞ்சின் ஒயில், பெயரிங். அப்பப்பாவின் பின்கதவு கீச்சென்று திறக்கும், கீலுக்கு மட்டும் கிரீஸ் வைத்தேன். வலதுபக்கம் கராஜ் தேய்த்த இடத்தை நீலமாகவே விட்டேன், இடதுபக்கத்துத் தீப்பெட்டிச் சதுரத்துக்கு மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு கை. பெற்றோலில்தான் ஓடுகிறது, செப்புக் குழாய் எஞ்சினோடு இணையாமல் புகைக் குழாயில் சுற்றினபடி கிடக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் அதைத் திரும்ப இணைக்கலாமா என்று ஒரு யோசனை வந்ததுதான். போய் ரப்பைத் திருகிப் பார்த்தேன், இறுகிப் போயிருந்தது. அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கும் வரிசை.

உங்கள் வண்டியைப் பற்றி யாரிடமாவது கேட்கப் போகிறீர்களென்றால் பளபளக்கிற முன்பக்கப் படம் அனுப்ப வேண்டாம். முன் குறுக்குச் சட்டம், சசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எஞ்சின் தாங்கி வெல்டிங், பின் ஸ்பிறிங் தாங்கி, இந்த ஐந்தையும் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்து அனுப்புங்கள்.